நீ என்ன போட்ட?

நீட் தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவியின் கையில் வினாத்தாள் இருக்கும், விடைத்தாள் இருக்காது. கேள்விகளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். எந்த வட்டத்தைக் கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் நிரப்பினோம் என்பதற்குச் சாட்சியான ஓ.எம்.ஆர். தாளைக் கண்காணிப்பாளர் வாங்கிக்கொண்டுவிடுவார். அதன் நகலைத் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் ஏற்றும்வரை, 180 கேள்விகளுக்கு என்ன விடை கொடுத்தோம் என்பதற்கு அவரவர் ஞாபகமே ஆவணம்.

அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் தேர்வு மையத்தின் கேட்டுக்கு வெளியே விசாரணை தொடங்குகிறது. "அந்த அணு கேள்விக்கு நீ என்ன போட்ட?" "ரெண்டு." "ஐயோ, நான் நாலு போட்டேனே!" உடனே மூன்றாவது ஆள் கூப்பிடப்படுவார். அவரும் "ரெண்டு" என்றால் நாலு போட்டவளின் முகம் வாடிவிடும். "எழுதினது எழுதியாச்சு, பேப்பரை உள்ள வை, வந்து சாப்பிடு" என்று அம்மா சொல்வது காதில் ஏறாது.

வீண் பதற்றம் என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் நினைவு எப்படி வேலை செய்கிறது, பலர் சேர்ந்து சொல்வதை எப்போது நம்பலாம், ஊகத்துக்கு என்ன விலை, பிழையிலிருந்து மூளை எப்படிக் கற்கிறது என்று உளவியலும் புள்ளியியலும் நூறாண்டாகக் கேட்டுவரும் கேள்விகள் எல்லாம் இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விடைகளை ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் கணிப்பது பெரும்பாலும் ஏமாற்றும். அதே ஒப்பீடு பாடம் கற்பதற்கு மிக நல்ல வாய்ப்பு.

சாட்சி சொல்லும் ஞாபகம்

மூன்று மணி நேரம் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஓடிய மூளை ஒவ்வொரு விடையையும் புகைப்படம்போல் பதிந்து வைத்திருப்பதில்லை. "அந்த லென்ஸ் கணக்குக்கு என்ன போட்டோம்?" என்று கேட்கும்போது அது பழைய விடையை அப்படியே எடுத்துத் தருவதில்லை, கேள்வியை மறுபடி யோசித்து, "இதைத்தான் போட்டிருப்பேன்" என்று கட்டித் தருகிறது. நினைவு என்பது மறுகட்டுமானம் என்று பிரிட்டன் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இலேயே எழுதினார்.

கட்டும்போது பக்கத்தில் இருப்பவர் செங்கல் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஃபியோனா காபர்ட், அமினா மேமன், கெவின் ஆலன் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. இருவர் ஒரே நிகழ்ச்சியின் காணொளியைப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே காட்சி என்று சொல்லப்பட்டது. உண்மையில் வேறு வேறு கோணங்களில் எடுத்த படங்கள் அவை. ஒருவருக்குத் தெரிந்த சில விவரங்கள் மற்றவருக்குத் தெரியவே தெரியாது. பிறகு இருவரையும் பேசவிட்டு, தனித்தனியாகக் கேட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்த்திருக்கவே முடியாத ஒரு விவரத்தையாவது தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கூட்டாளி சொன்னது அவர்களுடைய நினைவாகவே மாறியிருந்தது.

கேட்டுக்கு வெளியே நடப்பதும் இதுதான். நாலு போட்டவள், மூன்று தோழிகள் "ரெண்டு" என்று சொன்னபின், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் "நானும் கடைசியில ரெண்டுதான் நிரப்பினேனோ?" என்று யோசிக்கத் தொடங்குவாள். சில வாரம் கழித்து ஓ.எம்.ஆர். நகலைத் திறந்து பார்த்துத் திடுக்கிடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தாள் மாறிவிட்டது என்ற சந்தேகம்கூட எழும். வினாத்தாளிலேயே விடையைச் சுழித்து வைத்தவர்கள் ஓரளவு தப்பிப்பார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு: சுழித்தது ஒன்றாகவும் அவசரத்தில் நிரப்பிய வட்டம் வேறாகவும் இருக்கலாம்.

மாற்றாமல் விட்டிருக்கலாம்

ஒப்பீட்டின்போது தவறாமல் கேட்கும் புலம்பல் இன்னொன்று. "முதல்ல மூணுதான் நினைச்சேன். அப்புறம் யோசிச்சு ஒண்ணுன்னு மாத்திட்டேன். மாத்தாம விட்டிருந்தா சரியா இருந்திருக்கும்!" ஆசிரியர்களும் இதையே உபதேசமாகச் சொல்வதுண்டு: முதலில் தோன்றியதே சரி, கை வைக்காதே.

ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் கொள்குறி விடைத்தாள்களில் அழிப்பான் தடங்களைத் தேடி எண்ணி, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றப்பட்ட விடைகளில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்கு மாறியவை. சரியிலிருந்து தவறுக்கு மாறியவை 25 சதவீதம். மீதி, ஒரு தவறிலிருந்து இன்னொரு தவறுக்கு. அதாவது, மாற்றியதால் கிடைத்த லாபம் நட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் அதே மாணவர்களிடம் கேட்டபோது, மாற்றினால் நட்டம்தான் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் வலி. சரியான விடையைக் கையில் வைத்திருந்து நழுவவிட்டது பல நாள் உறுத்தும். மாற்றிச் சரியாக்கிய விடையோ அன்றைக்கே மறந்துபோகும். அது நமக்கு வரவேண்டியது வந்த கணக்கு. உறுத்தியவை மட்டும் நினைவில் தங்கி, "மாற்றினாலே தப்பாகும்" என்ற விதியாக இறுகிவிடுகின்றன. இந்தக் கணக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லா மாற்றங்களையும் சேர்த்து எண்ணியது என்பதையும் சொல்லவேண்டும். கேள்வியில் "தவறானது எது" என்று இருப்பதை இரண்டாவது முறை படிக்கும்போது கவனித்தவர் மாற்றத்தான் வேண்டும். வெறும் பயத்தில் மாற்றுபவருக்கும் இந்த 51 சதவீதம் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

நாலு பேர் சொன்னால் சரியா?

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரத்துக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் அதில் செல்லுபடியான 787 சீட்டுகளை வாங்கி வரிசைப்படுத்தினார். நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒரு சதவீதத்துக்குள் பிழை. கூட்டத்துக்கு அறிவு உண்டு என்பதற்கு இன்றும் காட்டப்படும் சான்று இது.

அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்பதை அதற்கு முன்பே, 1785-இல், பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்சே கணக்காகப் போட்டுக் காட்டியிருந்தார். சரி, தவறு என்று இரண்டே விடை உள்ள ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாணவர்கள், ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு. ஐவரில் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 68 சதவீதமாக ஏறுகிறது. ஆட்களைக் கூட்டினால் இன்னும் ஏறும். ஆனால் ஆளுக்கு 40 சதவீத வாய்ப்புதான் என்றால், பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 32 சதவீதமாக இறங்கிவிடும். எளிய கேள்வியில் கூட்டம் கைகொடுக்கும். பலரை வழுக்கிவிடும் கேள்வியிலோ, கூட்டம் பெருகப் பெருகத் தவறும் உறுதியாகும். மருத்துவக் கல்லூரி இடத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் கேள்விகள்தான்.

இந்தக் கணக்கில் இன்னொரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒவ்வொருவரும் தனித்து முடிவெடுத்திருக்கவேண்டும். காளைப் போட்டியில் சீட்டு எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு எழுதவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கும் நால்வரோ ஒரே கோச்சிங் மையத்தில், ஒரே ஆசிரியரிடம், ஒரே குறிப்பேட்டைப் படித்தவர்களாக இருப்பார்கள். அந்தக் குறிப்பேட்டில் பிழை இருந்தால் நால்வருக்கும் அது பிழைதான். நால்வரின் வாக்கு அங்கே ஒரே வாக்கு.

2024-இல் இதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று கிடைத்தது.

ஒரு கேள்வி, இரண்டு விடை

அந்த ஆண்டு மே 5 அன்று நடந்த நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். இயற்பியல் பகுதியில் இரண்டு கூற்றுகளைக் கொண்ட ஒரு கேள்வி. முதல் கூற்று: அணுவில் நேர்மின், எதிர்மின் சுமைகள் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலை கொண்டது. இரண்டாவது: ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளியிடுகின்றன. முதல் கூற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் இரண்டாவதில்.

இரண்டு கூற்றுமே சரி என்றவர்கள் இரண்டாவது தெரிவைக் குறித்தார்கள். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றவர்கள் நான்காவதை. யுரேனியம், ரேடியம், பொலோனியம் போன்ற தனிமங்களுக்கு நிலையான அணு ஒன்றுகூடக் கிடையாது. அவை தாமாகவே சிதைந்துகொண்டிருப்பவை. ஆகவே "ஒவ்வொரு தனிமமும்" என்று சொல்வது தவறு. இது நான்காவது தெரிவின் நியாயம்.

இரண்டாவது தெரிவுக்கும் ஒரு பின்னணி உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் பழைய பதிப்பில் அந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்தப் பாடத்தில் பேசப்படுவது அணுக்கருச் சிதைவு பற்றி அல்ல. ரூதர்ஃபோர்டின் மாதிரிப்படி அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவுக்குள் விழுந்திருக்கவேண்டும். ஆனால் அணுக்கள் அப்படி நொறுங்காமல் நிலைத்து நிற்கின்றன என்பது அங்கே வரும் வாதம். அந்தப் பொருளில் "நிலையானவை" என்று எழுதியது புரிந்துகொள்ளக்கூடியதே. புதிய பதிப்பு, "பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள்" என்று திருத்திக்கொண்டது. அண்ணனின், அக்காவின் பழைய புத்தகத்தைப் படித்தவர்கள் இரண்டாவதைக் குறித்தார்கள்; புதிய புத்தகம் படித்தவர்கள் நான்காவதை.

தேர்வு முகமை முதலில் நான்கே சரி என்றது. ஆயிரக்கணக்கான ஆட்சேபங்கள் வந்தபின் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது 67 பேர் 720-க்கு 720. அவர்களில் 44 பேர் இந்த ஒரு கேள்வியால் அந்த இடத்துக்கு வந்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரே கேள்விக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் எப்படிச் சரியாகும் என்ற கேள்வி எழ, நீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லியின் மூன்று வல்லுநர்களைக் கேட்டது. நான்காவது தெரிவு மட்டுமே சரி என்று அவர்கள் ஜூலை 23-இல் பதில் சொன்னார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிடைத்த 4 மதிப்பெண்ணை இழந்து, தவறான விடைக்கான 1 மதிப்பெண்ணும் கழிபட்டு, மொத்தம் 5 மதிப்பெண் கீழிறங்கினார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 17 பேர் ஆனார்கள்.

நான்கு லட்சம் பேர் ஒருமித்துச் சொன்னது அந்த விடையைச் சரியாக்கவில்லை. அவ்வளவு பேரும் தனித்தனியாக யோசித்து அங்கே வந்து சேரவில்லை. பலருக்கு ஊற்று ஒரே பழைய பக்கம்.

சிறுபான்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெரும்பான்மை தவறும்போது சரியாகச் சொல்லும் சிலரை அடையாளம் காண வழி உண்டா? டிராஜன் பிரெலெக் குழுவினர் 2017-இல் 'நேச்சர்' இதழில் ஒரு வழி சொன்னார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகர் பிலடெல்பியாவா என்று கேட்டால் பலரும் ஆம் என்பார்கள். பிலடெல்பியா பெரிய, புகழ்பெற்ற நகரம். உண்மையான தலைநகர் ஹாரிஸ்பர்க். இந்த ஆய்வாளர்கள் விடையோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: "மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?" தவறாகச் சொன்னவர்கள், எல்லோரும் தங்களைப்போலவே சொல்வார்கள் என்று நினைத்தார்கள். சரியாகச் சொன்னவர்களுக்கோ தாங்கள் சிறுபான்மை என்பது முன்பே தெரிந்திருந்தது. எதிர்பார்த்த அளவைவிட அதிகம் பேர் சொன்ன விடை எதுவோ அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட முறை.

இதைத் தேர்வு மையத்தின் கேட்டுக்குக் கொண்டுவருவது எளிது. "எல்லாரும் ரெண்டுதான் போட்டிருப்பீங்க. ஆனா ரேடியம் இருக்கே, அதனால நாலு" என்று ஒருத்தி சொன்னால் அவளை உட்காரவைத்துக் கேட்கவேண்டும். மற்றவர்கள் எங்கே வழுக்குவார்கள் என்பதையும் அறிந்து சொல்லும் விடை அது.

தேர்வு நடத்துபவர்களும் ஒப்பிடுகிறார்கள்

விடைகளை ஒப்பிடுவது ஒரு முழு நேரத் தொழில்நுட்பமும்கூட. உருப்படிப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். மொத்த மதிப்பெண் அடிப்படையில் மேலிருந்து 27 சதவீதம் பேரையும் கீழிருந்து 27 சதவீதம் பேரையும் பிரித்தெடுப்பார்கள். இந்த 27-ஐ 1939-இல் ட்ரூமன் கெல்லி கணக்கிட்டுப் பரிந்துரைத்தார். பிறகு ஒவ்வொரு கேள்வியாக இரு குழுவையும் பார்ப்பார்கள். ஒரு கேள்வியை மேல் குழுவில் 90 சதவீதம் பேரும் கீழ் குழுவில் 30 சதவீதம் பேரும் சரியாகச் செய்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். மேல் குழுவில் 30 சதவீதமும் கீழ் குழுவில் 40 சதவீதமும் என்று தலைகீழாக வந்தால், கேள்வி குழப்பமாக இருக்கிறது அல்லது விடைக்குறிப்பே தவறு.

காப்பி அடித்தவர்களைப் பிடிப்பதற்கும் ஒப்பீடு உதவுகிறது. அங்கே சரியான விடைகள் ஒத்துப்போவதால் பெரிதாகப் பயனில்லை. நன்றாகப் படித்த இருவர் ஒரே சரியான விடைகளைத் தருவது இயல்பு. துப்பு தருபவை தவறுகள். ஒரு கேள்விக்கு மூன்று தவறான தெரிவுகள். இருவரும் குருட்டாம்போக்கில் தவறியிருந்தால், ஒரே தவறில் சந்திக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. இருபது கேள்விகளில் இருபதும் அப்படிச் சந்திக்க ஏறக்குறைய 349 கோடியில் ஒரு வாய்ப்புதான். நிஜத்தில் சில தவறான தெரிவுகள் பலரையும் கவரும்படி அமைந்திருக்கும். ஒரே கோச்சிங்கில் கற்ற ஒரே பிழையும் இருக்கும். அதனால் நிபுணர்கள் இந்த எண்ணை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு தெரிவின் கவர்ச்சியையும் கணக்கில் சேர்ப்பார்கள்.

இங்கி பிங்கி போட்டவர்கள்

மதிப்பெண் கணிப்பைக் கெடுக்கும் இன்னொரு பகுதி, ஊகம். "இருபது கேள்விக்கு இங்கி பிங்கி பாங்கிதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரைப் பார்த்து, "நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து விட்டுட்டேன்" என்பவர் பரிதாபப்படுவார். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சரியானதற்கு 4, தவறுக்குக் கழிவு 1, தெரிவுகள் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண் கிடைக்கும். ஒரு தெரிவு நிச்சயம் தவறு என்று தெரிந்து ஒதுக்கிவிட்டால் அது 0.67, இரண்டை ஒதுக்கினால் 1.5.

ஆனால் இது சராசரிதான். இருபது கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி லாபம் 5 மதிப்பெண். அப்படிச் செய்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேலானோர் நட்டத்தில்தான் முடிப்பார்கள். ஆகவே ஊகித்த கேள்விகளைத் தோழியின் விடையோடு ஒத்துப்பார்த்து "சரி, நாலு மார்க்" என்று கூட்டுவதில் பயனில்லை, அவளும் ஊகித்திருக்கலாம்.

மதிப்பெண் ஓரளவு தெரிந்தாலும் தரவரிசை தெரியாது. அது மற்ற 20 லட்சம் பேரைப் பொறுத்தது. கேட்டருகே நின்று சத்தமாக விவாதிப்பவர்கள் அந்த 20 லட்சத்தின் சரியான மாதிரி அல்ல. நன்றாக எழுதிய நம்பிக்கையில் இருப்பவர்கள் நின்று பேசுவார்கள். சரியாக எழுதாதவர்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். நின்று கேட்பவருக்கு ஊரே நன்றாக எழுதியதாகத் தோன்றும்.

பிழை ஒட்டிக்கொள்ளும் முன்

இவ்வளவும் கணிப்புக்கு எதிரான வாதங்கள். கற்றலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ்.

கொள்குறி வினாக்களுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. தவறான தெரிவுகளும் உண்மைபோலவே எழுதப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றை நம்பித் தேர்ந்தெடுத்தால், பிறகு அதுவே அறிவாக மூளையில் உட்கார்ந்துகொள்ளும். ஹென்றி ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். தேர்வு எழுதியதால் மாணவர்களின் நினைவு பொதுவாக மேம்பட்டது. கூடவே, தேர்வில் குறித்த தவறான விடைகளும் பின்னால் உண்மையாகத் திரும்பி வந்தன. சரியான விடை எது என்று சொல்லிவிட்டால் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்பது 2008-இல் ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும் கண்டது. "முடிஞ்சது முடிஞ்சு போச்சு" என்று வினாத்தாளைப் பரணில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

எந்தப் பிழை எளிதில் திருந்தும்? அரைகுறை மனதோடு செய்த பிழை என்றுதான் நினைப்போம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரேடி பட்டர்ஃபீல்டும் ஜேனட் மெட்கால்ஃபும் 2001-இல் கண்டது இதற்கு நேர்மாறு: அடித்துச் சொல்லும் உறுதியோடு செய்த பிழைகளே, திருத்திக் காட்டியபின் நன்றாகத் திருந்துகின்றன. உறுதியாக நம்பியது தவறு என்று தெரியும் கணத்தில் வரும் திகைப்பு கவனத்தை முழுவதுமாக இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் சொல்லப்படும் காரணம் ஆழமாக இறங்கும். ஒரு எச்சரிக்கை: திருத்தியதை இடையில் ஒருமுறையாவது நினைவுபடுத்திப் பார்க்காவிட்டால், ஒரு வாரத்தில் அந்தப் பழைய பிழையே மீண்டும் தலைகாட்டக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இவற்றை வைத்து ஓர் ஒழுங்கு வகுத்துக்கொள்ளலாம். யாரிடமும் பேசுவதற்கு முன், நினைவில் உள்ள விடைகளை வினாத்தாளிலேயே குறித்துவிடவேண்டும். பக்கத்தில் உறுதி, சந்தேகம், ஊகம் என்று ஓர் எழுத்து. அதற்குப் பிறகு எவ்வளவு பேசினாலும் உங்கள் சாட்சி கலையாது. தோழர்களிடம் எண்ணைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், எப்படி அந்த விடைக்கு வந்தார்கள் என்பதைக் கேட்கவேண்டும். விடைக்குறிப்பும் ஓ.எம்.ஆர். நகலும் வந்ததும், உறுதி என்று குறித்துத் தவறிய கேள்விகளைத் தனியே எடுத்து எழுதி, அடுத்த வாரம் புத்தகத்தைப் பார்க்காமல் அவற்றை மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும். விடைக்குறிப்பே தவறு என்று பட்டால், கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்ப வழி இருக்கிறது. அங்கே எடுபடுவது பாடநூல் பக்கமும் காரணமும். என் நண்பர்கள் அத்தனை பேரும் இதைத்தான் போட்டார்கள் என்பது எடுபடாது.

இந்த ஆண்டு இடம் கிடைத்தவர், கல்லூரியின் முதல் நாளில் அதே உயிரியலோடுதான் தொடங்கப்போகிறார். கிடைக்காதவர் அடுத்த மே மாதம் அதே பாடங்களோடு திரும்ப வருவார். அந்த வினாத்தாளில் உறுதியோடு செய்த பிழைகள் எவை என்ற பட்டியல் இருவருக்குமே, எந்த மதிப்பெண் ஊகத்தைவிடவும், அதிகம் பயன்படும்.